தேனும் தேனீப்பிசினும் தோல் புற்றுநோயைத் தடுக்குமா?

கேள்வி (மேலூர் வட்டத்திலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 64. சிறுவயதில் நெல் அவிக்கும் அடுப்பில் பட்ட தீக்காயத்தின் தழும்பு அவருடைய இடது கெண்டைக்காலில் உள்ளது. அது கடந்த ஐந்து மாதங்களாக நடுவில் வெடித்துப் புண்ணாகி, சற்று ஆறுவதும் மீண்டும் நீர் கசிவதுமாக இருக்கிறது. வீட்டுச் சுவர்ப் பொந்தில் எடுத்த கொசுத்தேனை அவர் நாள்தோறும் அதில் தடவுகிறார். இதற்கிடையே உறவினர் ஒருவர் புரோபோலிஸ் எனப்படும் தேனீப்பிசின் கலந்த களிம்பைக் கொடுத்து, அது தோல் புற்றுநோய் வராமல் காக்கும், வெயிலில் வயலுக்குப் போகும்முன் பூசிக்கொள்ளுங்கள் என்கிறார். இதை நம்பலாமா?

மறுமொழி 1 (மருந்தியல் பயிற்றுவிப்பவர், மதுரை)

அந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. தேனீப்பிசினில் உள்ள கஃபீயிக் அமில பீனெத்தைல் எஸ்டர் என்ற பொருள் புற்றுச் செல்களைத் தாக்குவது 1988இல் கண்டறியப்பட்டது. எலிகளின் தோலில் வேதிப்பொருளால் தூண்டப்பட்ட கட்டிகளையும் அது குறைத்தது. தேனீ நஞ்சிலுள்ள மெலிட்டின் மார்பகப் புற்றுச் செல்களை அழிப்பதை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர ஆய்வாளர்கள் 2020இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். ஆனால் கண்ணாடித் தட்டிலும் எலியின் முதுகிலும் கிடைத்த இந்தப் பயன், மனிதத் தோலில் புற்றைத் தடுக்கும் என்று நிறுவப்படவில்லை. நிறுவுவது எப்படியிருக்கும் என்பதற்கு அதே ஆஸ்திரேலியாவின் நாம்பூர் ஊரில் 1992 முதல் 1996 வரை நடந்த ஆய்வைப் பாருங்கள்: 1,621 பேர் பங்கேற்ற அதில், நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியவர்களிடம் தோல் புற்றின் ஒரு வகையான செதிள் செல் புற்று ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. ஆகவே வயலுக்குத் தலைப்பாகையும் முழுக்கைச் சட்டையும் போதுமானவை. அந்தக் களிம்பு அவற்றுக்கு ஈடாகாது.

ஆனால் எனக்குக் கவலை தருவது வெயில் அன்று, அந்தத் தழும்பு. நம் போன்ற கருநிறத் தோலில் பழைய தீக்காயத் தழும்பும் நாள்பட்ட புண்ணும் செதிள் செல் புற்றுக்கு முக்கியக் காரணங்கள். காயம் பட்டுப் பல பத்தாண்டுகள் கழித்துத் தோன்றும் இதை மருத்துவர்கள் மார்ஜோலின் புண் என்பார்கள். தயவுசெய்து தாமதிக்காதீர்கள்.

மறுமொழி 2 (தேனீ வளர்ப்பவர், நத்தம்)

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நம் பக்கத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் வளர்க்கும் இந்தியத் தேனீ பிசின் சேகரிப்பதே இல்லை. கடையில் விற்கும் புரோபோலிஸ் இத்தாலியத் தேனீ சேர்த்தது. அந்தத் தேனீயும் சுற்றியுள்ள மரங்களில் கசியும் பிசினையே கொண்டுவருகிறது. ஐரோப்பாவில் அது பாப்லர் மர மொட்டு. மேற்சொன்ன எஸ்டர் அந்த வகைப் பிசினில்தான் மிகுதி. பிரேசிலின் பச்சைப் பிசின் வேறொரு செடியிலிருந்து வருவதால் அதன் சேர்மங்களும் வேறு. எனவே ஓர் ஊர்ப் பிசினைச் சோதித்துக் கிடைத்த முடிவை, எங்கிருந்தோ வந்த குப்பிக்கு உரியதாகக் கொள்வது பொருந்தாது. மேலும் புரோபோலிஸ் சிலருக்குத் தோலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். கசியும் புண்ணின் அருகே அதைக் கொண்டுசெல்லவே வேண்டாம்.

மறுமொழி 3 (திருமங்கலம்)

என் சித்திக்கும் இவ்வாறே நேர்ந்ததால் எழுதுகிறேன். தேன் புண்ணை ஆற்றும் என்பது பொய்யன்று. அதிலுள்ள நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கிக் கிருமிகளை அடக்குகிறது. மேலோட்டமான தீக்காயங்களில் வழக்கமான சில கட்டுகளைவிடத் தேன் விரைவாக ஆற்றுவதை பல ஆய்வுகளை ஒன்றாக எடைபோட்டு 2015இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வும் ஒப்புக்கொண்டது. அந்த நல்ல குணமே எங்களை ஏமாற்றிவிட்டது. வாடையும் கசிவும் குறைந்ததைக் கண்டு குணமாகிறது என்று எண்ணி எட்டு மாதங்களைக் கழித்தோம். அடியில் வளர்ந்ததை நாங்கள் பார்க்கவில்லை. சித்தி பிழைத்தார், ஆனால் பாதத்தில் பாதியை எடுக்க வேண்டியிருந்தது. ஐந்து மாதம் தேன் பூசியும் ஆறாத புண்ணின் ஓரத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பயாப்ஸி பார்த்தே ஆகவேண்டும். அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குச் சென்று, தழும்பு எத்தனை ஆண்டுகள் பழையது என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. தழும்பின் வயதைக் கணக்கிட்டபோது 55 ஆண்டுகள் என்று அப்பா சொன்னார். திங்கட்கிழமை காலை முதல் பேருந்தில் அவரை அழைத்துச் செல்கிறேன்.