ஐஆர்எப் 510 தானாகவே ஒசிலேற் ஆகிறது, வழி சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், தம்பிமார்.

7 மெகாஹேர்ட்ஸில், அதாவது 40 மீற்றர் பான்டில், மோர்ஸ் அனுப்ப ஒரு சின்ன பவர் ஆம்பிளிபயர் கட்டுகிறேன். ஒற்றை ஐஆர்எப் 510 மொஸ்பெற் (ஒரு வகை ட்ரான்சிஸ்டர்; கேற், ட்ரெயின், சோர்ஸ் என்று மூன்று கால்), 12 வோல்ற் பற்றறி. 5 வாற் வந்தால் போதும். சுவிச்சிங் வேலைக்கென்று செய்த மொஸ்பெற்தான், ஆனால் அந்த விலைக்கு வேறென்ன கிடைக்கும்!

கேற் பயஸை (கேற்றுக்குக் கொடுக்கும் நிலையான வோல்ற்றேஜை) மெல்லக் கூட்டினால் ட்ரெயின் கரண்ட் 50 மில்லியம்பியர் வரை ஒழுங்காக ஏறுகிறது. அதற்கு மேல் பிரிசெற்றை (பயஸைச் சரிசெய்யும் திருப்பு ரெசிஸ்டரை) கொஞ்சம் திருப்பினாலே அரை அம்பியருக்குப் பாய்கிறது, இன்புட்டில் சிக்னலே இல்லாமல். பக்கத்தில் கிடக்கும் ரேடியோவும் சேர்ந்து இரைகிறது; அதாவது தானாகவே அலை உண்டாக்குகிறது, ஒசிலேற் ஆகிறது. டமி லோட்டில் (அன்ரெனாவுக்குப் பதிலாகப் பூட்டும் ரெசிஸ்டர் சுமையில்) பிழையில்லை: 1 கிலோஓம் கார்பன் ரெசிஸ்டர் 20ஐச் சமாந்தரமாகப் பூட்டிய 50 ஓம். மொஸ்பெற்றின் தகட்டில் ட்ரெயின் வருவதால் ஹீற்சிங்குக்கு இடையில் மைக்காவும் வைத்திருக்கிறேன்.

கேற்றில் தொடராக 10 ஓம் போட்டால் அடங்குமா? இல்லை, ட்ரெயினிலிருந்து கேற்றுக்கு பீட்பாக் கொடுக்க வேண்டுமா? இணைப்பு வயர்கள் கொஞ்சம் நீளம், அதிலும் எனக்குச் சந்தேகம்.

அப்புறம், லோ பாஸ் பில்ரருக்கு (7 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே வரும் அலைகளை வெட்டுவது) சுருள் சுற்ற டி50-2 என்ற சிவப்பு இரும்புத்தூள் வளையம் யாழ்ப்பாணத்தில் நான் கேட்ட கடைகளில் இல்லை. பிவிசி குழாயில் காற்றுச்சுருள் சுற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? பில்ரர் இல்லாமல் 14, 21 மெகாஹேர்ட்ஸில் ஹார்மோனிக் (7இன் மடங்குகளில் வரும் வேண்டாத அலை) கிளம்பும், அன்ரெனாவில் கொழுவ மாட்டேன்.

கொக்குவில், கோண்டாவில் பக்கம் யாரிடமாவது ஒசிலோஸ்கோப் இருந்தால் சொல்லுங்கோ, போர்டோடு வந்துவிடுவேன்.