மறுமடல்: உளவுப் படத்தில் எல்லோரும் துரத்தும் பொருளுக்கு என்ன பெயர் வைப்பது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நம் சிங்கப்பூர்ச் சமூக மன்றத் திரையிடலுக்கான கையேட்டில் ‘மெக்கஃபின்’ (கதையில் எல்லோரும் துரத்தும் பொருள்) என்ற சொல் அடிக்கடி வருகிறது, அதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று தெம்பனிஸ் தம்பி கேட்டார். அதற்குப் பிறகு வந்த மடல்களில் பாதிக்கு மேல் ‘ஒற்றர் படமா, உளவுப் படமா, துப்பறியும் படமா’ என்ற சண்டை. அதை முதலில் தள்ளிவைத்துவிடுகிறேன். துப்பறியும் படத்தில் பெரும்பாலும் குற்றம் நடந்து முடிந்திருக்கும், செய்தவர் யார் என்பதுதான் கேள்வி. உளவுப் படத்தில் ஏதோ ஒன்று நடக்கப் போகிறது, அதற்குள் ஒரு ரகசியம் கை மாறியாக வேண்டும் அல்லது மாறாமல் தடுத்தாக வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க முடியாது. ‘ஒற்று’ எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் நம் பிள்ளைகளிடம் ஒற்று என்றால் தமிழ்த் தாளில் பறிபோன மதிப்பெண்தான் நினைவுக்கு வரும். ‘உளவு’ நாளிதழில் அன்றாடம் வருகிறது. உளவுப் படம் என்றே வைத்துக்கொள்வோம். ஒற்றர் கட்சிக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவதானால் தனி இழை தொடங்குங்கள்.

இனி விஷயத்துக்கு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கதையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்துக்குப் போகும் ரயிலில் இருவர். மேலே பொட்டலம் ஒன்று இருக்கிறது. “அது என்ன?” “அதுவா, மெக்கஃபின்.” “அப்படியென்றால்?” “ஸ்காட்லாந்து மலைகளில் சிங்கம் பிடிக்கும் கருவி.” “ஸ்காட்லாந்து மலைகளில் ஏது சிங்கம்?” “அப்படியானால் இது மெக்கஃபினும் இல்லை.” இதைச் சொல்லிச் சொல்லிப் பரப்பியவர் இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். 1939இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேசும்போது, திருட்டுக் கதை என்றால் அது அநேகமாக ஒரு கழுத்துமாலை, உளவுக் கதை என்றால் அநேகமாகச் சில காகிதங்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போனார். திரையில் இருப்பவர்கள் அதற்காக உயிரை விடுவார்கள். பார்ப்பவருக்கோ அதில் என்ன எழுதியிருந்தால் என்ன?

(புக்கித் தீமாவில் புலி பிடிக்கும் கருவி என்று ஜூரோங் கிழக்கு ரயிலில் வைத்து இதே கதையை எழுதியிருந்தாரே ஒருவர், அது அசலைவிட நன்றாக இருந்தது. நம் காட்டில் புலி ஒரு காலத்தில் உண்மையிலேயே இருந்தது என்பதால் பதில் சொல்பவன் இன்னும் கொஞ்சம் திணற வேண்டியிருக்கும்.)

> ‘கருப்பொருள்’ என்று தொல்காப்பியர் காலத்துச் சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு ஒன்று?

ஐயா, இதைப் பணிவோடு மறுக்கிறேன். கருப்பொருள் அந்தந்த நிலத்தோடு பிறந்தது. குறிஞ்சிக்கு மயில், நெய்தலுக்குச் சுறா. குறிஞ்சிப் பாட்டில் மயிலை எடுத்துவிட்டுச் சுறாவை வைத்தால் பாட்டு உடைந்துபோகும். திணைமயக்கம் (ஒரு நிலத்தின் பொருள் இன்னொரு நிலத்தில் வருவது) உண்டே என்று நீங்கள் எழுதுவீர்கள், தெரியும். மயக்கத்துக்கும் அங்கே ஒரு காரணம் வேண்டும். மெக்கஃபினுக்கு அந்தக் கட்டாயமே கிடையாது. ‘நொட்டோரியஸ்’ (1946) படத்தில் நாஜிகள் மது பாட்டில்களுக்குள் யுரேனியத்தை ஒளித்து வைத்திருப்பார்கள். கதையை எழுதிக்கொண்டிருந்தபோது தயாரிப்பாளருக்கு யுரேனியம் பிடிபடவில்லை. அது வேண்டாம் என்றால் தொழிற்சாலை வைரம் என்று வைத்துக்கொள்வோம் என்றாராம் ஹிட்ச்காக். படம் அசையவே இல்லை பாருங்கள். நிலவறைச் சாவி, விருந்து, தீர்ந்துகொண்டே வரும் ஷாம்பேன், நாயகியின் கணவன் படியிறங்கி வந்துவிடுவானோ என்ற பதைப்பு எல்லாம் அப்படியே இருக்கும். பாட்டிலுக்குள் இருப்பது மட்டும் மாறும்.

எனக்கு இந்தச் சம்பவம்தான் உரைகல். பொருளை மாற்றிப் பாருங்கள், படம் நின்றால் அது மெக்கஃபின். நிற்காவிட்டால் அது வேறு ஏதோ, கருப்பொருளாகவே இருக்கலாம்.

இந்தச் சோதனையை நமக்குத் தெரிந்த படங்களில் போட்டுப் பார்த்தேன். கமல்ஹாசனின் ‘விக்ரம்’ (1986): கடத்தப்படுவது அக்னிபுத்ரா என்ற ஏவுகணை. சலாமியா என்ற கற்பனை நாட்டில் போய் இறங்கிய பிறகு ஏவுகணை யார் நினைவில் இருக்கிறது? அதை நீர்மூழ்கி என்று மாற்றினாலும் சலாமியா சலாமியாதான். சோதனையில் தேறிவிட்டது. நம் ஊர்ப் பங்குக்கு ‘தே கால் ஹெர் கிளியோபாட்ரா வோங்’ (1978). சிங்கப்பூர் நடிகை மேரி லீ இன்டர்போல் அதிகாரியாக வருவார், இயக்கியவர் பிலிப்பீன்ஸ்காரர். கும்பல் ஆசியான் நாடுகளில் கள்ளநோட்டைப் புழங்கவிடப் பார்க்கிறது, நோட்டுகள் ஸ்ட்ராபெரி ஜாமுக்குள் பயணம் செய்கின்றன. கள்ளநோட்டைத் தங்கமாக்கினாலும் படம் ஓடும். மடத்தில் துப்பாக்கியோடு நிற்கும் அந்தப் போலிக் கன்னியாஸ்திரிகளை மாற்றிவிட்டால்தான் படமே போய்விடும்.

தேறாத படமும் உண்டு. ‘அந்த நாள்’ (1954). பாட்டே இல்லாத படம் என்றுதான் நாம் அதைப் பேசுகிறோம். சிவாஜி கணேசன் நடித்த வானொலிப் பொறியாளன் ஜப்பானியருக்கு ரகசியம் கொடுக்கிறவன் என்பதைப் பேச மறந்துவிடுகிறோம். அவன் கொடுப்பது ரகசியமாக இல்லாமல் வைரமாக இருந்தால் அவன் வெறும் கடத்தல்காரன், அவன் மனைவிக்கு நாடா கணவனா என்ற அந்த இக்கட்டு வந்திருக்காது. படம் விழுந்துவிடும். ஜப்பானியர் ஆண்ட ‘சியோனான்’ காலத்தை வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்டு வளர்ந்த எனக்கு, சென்னையில் குண்டு விழுந்த சமயத்தில் நடக்கும் அந்தக் கதையில் ரகசியம் ஒரு சாக்காகத் தோன்றவே இல்லை.

இனி முன்மொழிவுகள்.

> சாக்குப்பொருள்

பொருள் சரி. ஆனால் தேக்காச் சந்தையில் போய்ச் சொல்லிப் பாருங்கள், அரிசி மூட்டையைத்தான் காட்டுவார்கள்.

> தேடுபொருள்

‘தேடுபொறி’ வந்து உட்கார்ந்துகொண்ட பிறகு, இணையத்தில் எதையோ தட்டச்சு செய்கிற மாதிரிதான் கேட்கிறது.

> மாயமான்! இராமாயணத்திலேயே இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்?

உட்லண்ட்ஸ் அக்கா, உங்கள் மடலைப் படித்ததும் இழையை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் ஓடுகிறார்கள், ஓடிப் பிடித்தால் உள்ளே ஒன்றுமில்லை, எந்தத் தமிழருக்கும் விளக்கம் தேவைப்படாது. பிறகுதான் உறுத்தியது. மாரீசன் தானாக வந்த மான் இல்லையே. இராமனை அகற்றுவதற்காக இராவணன் அனுப்பிய மான். ஏமாற்ற வேண்டும் என்றே விட்ட இரை அது. மெக்கஃபினை ஏமாற்றுவதற்காக யாரும் அனுப்பவில்லை. இரண்டு தரப்பும் அது மெய் என்று நம்பித்தான் ஓடுகின்றன.

இந்த வேறுபாடு வெறும் நுணுக்கம் என்று தோன்றினால் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ (1959) பாருங்கள். விளம்பரத் துறைக்காரன் ஒருவனை எதிரிகள் கேப்லன் என்ற உளவாளி என்று நினைத்துத் துரத்துவார்கள். கேப்லன் என்று ஓர் ஆளே கிடையாது. எதிரியின் கண்ணைத் திருப்ப அமெரிக்க உளவுத்துறை உருவாக்கிய வெறும் பெயர், விடுதியில் அறையும் அலமாரியில் உடுப்பும் மட்டும் உண்டு. அக்கா சொல்லும் மாயமான் அச்சு அசல் இதுதான். அதே படத்தில் ஒரு சிலைக்குள் நுண்படச் சுருள் இருக்கும், அதில் அரசாங்க ரகசியம் என்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதுதான் மெக்கஃபின். ஒரே படத்தில் இரண்டும் இருக்கும்போது இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கையேடு எழுதுகிறவர் என்ன செய்வார்? மாயமானை அதற்கே கொடுத்துவிடுவோம். அது தனியாகவே நல்ல கலைச்சொல். அக்காவின் பெயரில் பட்டியலில் ஏறட்டும்.

> அத்திரிபாச்சா

பாசிர் ரிஸ் அண்ணனின் குறும்பு. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மாப்பிள்ளை, பெயர் மறக்காமலிருக்கச் சொல்லிக்கொண்டே வந்து, வாய்க்காலைத் தாண்டும்போது ‘அத்திரிபாச்சா’ என்று சொல்லி, வீடு வந்து அத்திரிபாச்சா செய்து தா என்று கேட்டானே, அந்தக் கதை. மெக்கஃபினே பொருளில்லாத சொல்தானே, நாமும் பொருளில்லாத சொல்லையே வைப்போம் என்பது அவர் வாதம். அதில் வலு இருக்கிறது. இல்லாத ஒன்றின் பெயரால் ஒரு வீடே அல்லோலகல்லோலப்படுகிறது. ஆனால் அந்தக் கதையில் அடிபட்டு முகம் வீங்குகிறவள் மனைவி. அதைக் கேட்டுச் சிரித்த வயது எனக்குப் போய்விட்டது. தவிர, கையேட்டில் ‘இப்படத்தின் அத்திரிபாச்சா’ என்று அச்சிட்டால் மன்றத்து ஏற்பாட்டாளர்கள் நம்மை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். நமக்குள் பேசிக்கொள்ள வைத்துக்கொள்வோம்.

என் முன்மொழிவு: துரத்துபொருள்.

வினைத்தொகை. துரத்திய பொருள், துரத்துகிற பொருள், துரத்தும் பொருள் மூன்றும் அடங்கும். ‘பொருள்தான் யாரையோ துரத்துவதாகப் படுமே’ என்று யாராவது கேட்கும் முன் சொல்கிறேன், குடிநீர் யாரையும் குடிப்பதில்லை. நடுவே ‘ப்’ போடாதீர்கள். வினைத்தொகையில் ஒற்று மிகாது, ஒற்றர் படமே ஆனாலும்.

‘பொருள்’ என்ற பகுதியை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒற்றாடல் அதிகாரத்தில் 588ஆம் குறள்:

ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர்
ஒற்றினால் ஒற்றிக் கொளல்.

உளவாளி கொண்டுவரும் செய்தியை வள்ளுவர் ‘பொருள்’ என்றே சொல்கிறார். சொல்லிவிட்டு, அதை அப்படியே நம்பாதே, இன்னோர் ஆளை விட்டுச் சரிபார் என்கிறார். அடுத்த குறளில் ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஆள வேண்டும், மூவர் சொல் ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும் என்று இன்னும் இறுக்குகிறார். உளவுப் படங்களின் வகைகளைப் பிரிக்க எனக்கு இதைவிட நல்ல கோடு கிடைக்கவில்லை. விறுவிறுப்பு வகையில் பொருளை யாரும் சரிபார்ப்பதில்லை, ஓட மட்டும் செய்கிறார்கள். ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ (1963) படத்தின் ரகசியக் குறியீட்டுக் கருவி அப்படித்தான். 2006இல் வந்த மூன்றாவது ‘மிஷன் இம்பாசிபிள்’ இன்னும் துணிச்சல். துரத்துபொருளுக்கு ‘முயல் கால்’ என்று பெயர் வைத்துவிட்டு, அது என்ன என்று கடைசிவரை சொல்லவே மாட்டார்கள். அந்த முயலுக்கு மூன்று காலா நான்கு காலா என்று நாமே முடிவுசெய்துகொள்ள வேண்டியதுதான்.

உளவு நாவலாசிரியர் ஜான் லெ காரே வகையில் சரிபார்ப்பதே கதை. ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ (2011) படத்தில் ஓட்டம் குறைவு. சோவியத்திடமிருந்து வரும் ரகசியத்தை எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருக்க, ஓய்வுக்கு அனுப்பப்பட்ட ஒரு கிழவர், தந்தவர் யார், தந்தது ஏன் என்று கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருப்பார். அங்கே தேடப்படுவது உள்ளேயே இருக்கும் துரோகி. சந்தேகத்துக்கு ஆளான நால்வரில் யாரை வைத்தாலும் சரி என்று சொல்ல முடியாது, ஆளை மாற்றினால் காயம் மாறிவிடும். எனவே துரோகியைத் துரத்துபொருள் என்று எழுத வேண்டாம் என்பது என் கருத்து. இந்த வகைக்கு ‘ஐயுறவுப் படம்’ என்று பெயர் வைக்கலாமா? ‘தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்று 510ஆம் குறளில் வருகிறது. நம்பியவன் மேல் வரும் சந்தேகம்தான் ஐயுறவு. ‘யதார்த்த உளவுப் படம்’ என்று கையேட்டு வரைவில் இருப்பதைவிட இது பொருத்தம். யதார்த்தம் என்றால் எதைவிட யதார்த்தம் என்ற கேள்வி வரும்.

பகடி வகைக்கு வந்தால்தான் எனக்குத் தடுமாற்றம். (ஸ்பூஃபுக்குப் ‘பகடி’ போதும். ‘போலிப் படம்’ வேண்டாம், திருட்டு விசிடி என்று நினைத்துவிடுவார்கள். அங்கதம் ஆளையோ அரசையோ சாடுவது, பகடி ஒரு வகைமையின் உடுப்பையே போட்டுக்கொண்டு அதைக் கேலிசெய்வது.) இந்த ஊருக்குப் பகடி புதிதில்லை. பாண்ட் படங்கள் வரத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1967இல், கேத்தே கிரிஸ் நிறுவனம் ‘மாட் பாண்ட்’ என்ற மலாய்ப் படத்தை எடுத்துவிட்டது. என் தடுமாற்றம் ‘ஆஸ்டின் பவர்ஸ்’ (1997) படத்தால். முப்பது ஆண்டு உறைநிலையில் கிடந்து எழுந்த வில்லன் உலகத்தையே பணயம் வைத்து ஒரு மில்லியன் டாலர் கேட்பான். இந்தக் காலத்தில் அது ஒரு காசா என்று கூட இருப்பவர்கள் நெளிவார்கள். உடனே நூறு பில்லியன் ஆக்குவான். அந்த ஒரு மில்லியனை மாற்றினால் சிரிப்பு போய்விடும். அதாவது எதை மாற்றினாலும் பரவாயில்லையோ, அதை மாற்ற முடியாததாக ஆக்குவதில்தான் பகடியே இருக்கிறது. என் சோதனைப்படி அது துரத்துபொருள் இல்லை. ஆனால் துரத்துபொருள் என்ற ஒன்று நமக்கு முன்பே பழகியிருக்காவிட்டால் அந்தச் சிரிப்பே வராது. இதற்கு எனக்கு விடை இல்லை. பகடிப் படத்திலும் துரத்துபொருள் என்றே எழுதிவிட்டு ஒரு வரி விளக்கம் சேர்ப்பதா, வேறு சொல் வேண்டுமா என்று யோசித்துச் சொல்லுங்கள்.

தம்பி, கையேட்டின் முதல் பக்கத்துக்கு இப்படி ஒரு வரி போதும் என்று நினைக்கிறேன்: “துரத்துபொருள்: கதைமாந்தர் அனைவரும் அடையத் துடிப்பது, வேறொன்றாக மாற்றினாலும் கதை குலையாதது.” முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் ‘மெக்கஃபின் எனப்படும்’ என்று முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு தேவையில்லை.

ஏற்பவர்கள் வழிமொழியுங்கள். மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள், வெறும் ‘சரியில்லை’ வேண்டாம்.

அன்புடன்,
அங் மோ கியோவிலிருந்து

பி.கு.: ‘சஸ்பென்ஸ்’ என்பதற்குப் ‘பதைப்பு’ என்று ஆசிரியர் ஐயா தந்ததை நான் மேலே சத்தமில்லாமல் பயன்படுத்திவிட்டேன். யாருக்கும் உறுத்தவில்லை என்றால் அதையும் சேர்த்துவிடலாம்.