வீட்டு விமான சிமுலேட்டருக்குக் கையால் கருவி செய்தவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

ஹட்டன்:
ஆல்டிமீட்டர், அதாவது உயரம் காட்டும் கருவி, முடிந்துவிட்டது, முள் இரண்டும் ஓடுகிறது. சுவர்க்கடிகார மெஷினைப் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதில் பெரிய முள் பன்னிரண்டு சுற்று போனால்தான் சின்ன முள் ஒரு சுற்று, நமக்கு வேண்டியது பத்துக்கு ஒன்று. பல்சக்கரங்களைக் கண்டியில் லேசரில் வெட்டி வாங்கினேன். சரி, சொல்ல வந்தது மாமாவைப் பற்றி. தேயிலை பெக்டரியில் பிட்டராக இருந்தவர், எந்த முள்ளைக் கண்டாலும் கிட்டப் போய்ப் பார்ப்பார். அன்று இரவு சிமுலேட்டரில் கிழக்கிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன், மலைக்கு மேலே. "இப்ப எத்தனை அடிடா?" என்றார். சின்ன முள் நாலைத் தாண்டி நிற்கிறது, பெரிய முள் மூன்றுக்குக் கிட்ட. நாலாயிரத்து முந்நூறு என்றேன். "அன்னைக்கும் இவ்வளவு உயரந்தான்" என்றார், வேறு ஒன்றும் பேசவில்லை. 1974 டிசம்பர் 4, சப்த கன்னியர் மலையில் மோதிய டிசி-8 விமானம், 191 பேர் இறந்தார்கள். மாமா அப்போது நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத் தோட்டத்தில் சின்னப் பையன், சத்தம் லய வீடுகள் வரைக்கும் கேட்டதாம். இப்போதெல்லாம் பெரிய முள் அந்த இடத்துக்கு வந்தாலே என் கை தானாக ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கிறது.

பண்டாரவளை:
அண்ணா, மாமா சொன்னது மனதைப் பிசைகிறது, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த விபத்தை ஆல்டிமீட்டரோடு சேர்த்துப் பேசக் கூடாது. கொழும்பை நெருங்கிவிட்டோம் என்று நினைத்துத்தான் அவர்கள் இறங்கினார்கள், தவறிப் போனது எங்கே இருக்கிறோம் என்ற கணக்கு.

என்னுடையது ஏர்ஸ்பீட், வேகம் காட்டும் கருவி. லேண்டிங்குக்கு வரும்போது கரண்ட் போய்விட்டது. லெப்டொப் பெட்டரியில் ஓடுகிறது, மோட்டருக்கு மட்டும் தனி அடப்டர். இருட்டில் ஸ்டால் ஹோர்ன், இறக்கை தூக்கும் பலத்தை இழக்கப் போகிறது என்கிற எச்சரிக்கை, கத்துகிறது, டோர்ச் அடித்துப் பார்த்தால் முள் 65 நொட்டில் அப்படியே நிற்கிறது! வேகம் சரியாக இருக்கிறது என்று ஒரு முள் அடித்துச் சொல்லும்போது அதை நம்பாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நிஜ விமானத்தில் வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுக்கிற ஸ்டாட்டிக் துளை அடைபட்டால் ஆல்டிமீட்டரும் இப்படித்தான் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அப்புறம், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சிலது சொல்கிறேன். கார் டேஷ்போர்டில் வரும் எக்ஸ்27 மோட்டரையே வாங்குங்கள், சின்ன சர்வோ மோட்டர் வேண்டாம், அது 180 பாகைதான் திரும்பும், நிற்கும் இடத்தில் நடுங்கும். எக்ஸ்27 சுமார் 315 பாகை போகும், உள்ளே தடை இருக்கிறது, கரண்ட் வந்ததும் முள்ளைப் பின்னால் ஓட்டித் தடையில் இடிக்க விட்டால் அதுதான் பூச்சியம், ஏர்ஸ்பீட்டுக்கு அவ்வளவு போதும். ஆனால் ஆல்டிமீட்டர் முள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு 28பிவைஜே-48 என்கிற சின்ன ஸ்டெப்பர் மோட்டர் போட்டால் கியரில் ஆட்டம் இருக்கும். பெரிய முள் ஒரு சுற்று ஆயிரம் அடி என்றால் 3.6 பாகைக்குப் பத்து அடி, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்டத்தை எடுக்க ஹேர்ஸ்பிரிங், மெல்லிய சுருள் வில், போடு என்பார்கள், ஏர்ஸ்பீட்டுக்குப் போடலாம், ஆல்டிமீட்டருக்குப் போட்டால் சுற்றச் சுற்ற முறுக்கு ஏறிக்கொண்டே போகும். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து நிற்கிற மாதிரி புரோகிராம் எழுதுவதுதான் வழி. முள்ளைத் தகரத்தில் வெட்டாதீர்கள், பாரம். கறுப்புப் பெயிண்ட் மினுங்காததாகப் பாருங்கள்.

நுவரெலியா:
என்னிடம் இருப்பது நிஜ ஆல்டிமீட்டர், பழைய இரும்புக் கடையில் கிடைத்தது, அளவெடுத்துப் பிரதி செய்ய வாங்கினேன். காற்றழுத்தத்தை வழக்கமான 1013 மில்லிபாருக்குத் திருகி மேசையில் வைத்தால் ஆறாயிரம் அடிக்குப் பக்கத்தில் காட்டும், நம்ம ஊர் 1868 மீட்டர்தானே. கண்டி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ரம்பொடை வளைவுகளில் இறங்க இறங்கப் பெரிய முள் பின்னால் சுற்றுகிறது, கம்பியும் இல்லை கரண்டும் இல்லை, உள்ளே இருக்கிற காற்றில்லாத தகட்டுச் சிமிழ் மட்டும்! வழவழவென்று போகவில்லை, கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும், பஸ் குலுங்கினதும் டக்கென்று விலகும். பக்கத்து சீட்டுக்காரர் கம்பளை வரைக்கும் என்னோடு சேர்ந்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார். நம் மோட்டர் முள்ளில் அந்த ஒட்டல் இல்லாதது எனக்கு இன்னும் குறைதான்.

பதுளை:
நுவரெலியா அக்கா சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒட்டுவது கருவியின் குறை, அழகு இல்லை. உராய்வில் முள் ஒட்டக் கூடாது என்றே சில நிஜ ஆல்டிமீட்டருக்குள் வைப்ரேட்டர் வைத்தார்கள். அதைப் போய் நாம் பிரதி செய்வதா?

நான் செய்வது எட்டிடியூட் இன்டிகேட்டர், அடிவானத்தை வைத்து விமானத்தின் சாய்வைக் காட்டுவது. நிஜத்தில் இருக்கிற மாதிரி சுழலும் கைரோ கிடையாது, பிட்சுக்கு (மூக்கு மேலே கீழே) ஒரு மோட்டர், ரோலுக்கு (பக்கவாட்டுச் சாய்வு) ஒரு மோட்டர். பிட்ச் மோட்டர் சுற்றும் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, அதனால் வயரும் கூடச் சுற்றும். தங்கச்சி மகன் விமானத்தை உருட்டிக்கொண்டே இருந்தான், வயர் முறுக்கி, முறுக்கி, 'டிக்'. அடிவானம் பாதி நீலத்தில் சாய்ந்து நின்றது. அவன் இரண்டு கையையும் மேசையிலிருந்து எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான் பாருங்கள், அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சுற்றினாலும் வயர் முறுக்காமல் கரண்டைக் கடத்தும் ஸ்லிப் ரிங்கைக் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடினேன், கிடைக்கவில்லை, ஒன்லைனில் சொல்லியிருக்கிறேன்.

ஹட்டன்:
பண்டாரவளை தம்பி, ஆல்டிமீட்டர் மேல் குற்றம் என்று நான் எங்கே சொன்னேன்? முள் சரியாகத்தான் காட்டியிருக்கும், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருக்கட்டும். தடையில்லாத மோட்டருக்குப் பூச்சியம் எப்படிப் பிடிக்கிறீர்கள்? சின்ன முள் அச்சில் ஒரு ஒளி சென்சர் வைத்தேன், பெரிய முள் ஒவ்வொரு தடவையும் ஐம்பது அறுபது அடி தள்ளி நிற்கிறது.

பண்டாரவளை:
இரண்டு அச்சிலும் வையுங்கள் அண்ணா. சின்ன முள் எந்த ஆயிரம் என்று சொல்லும், பெரிய முள் அச்சின் சென்சர்தான் சரியான பூச்சியத்தைத் தரும்.