பெட்டி பெட்டியாகக் காமன் பேஸ்பால் கார்டுகள்: வாங்கியவர்கள், விற்றவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பரண்வாசி:

மாமனார் வீட்டு பேஸ்மென்ட்டைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வீட்டை விற்றுவிட்டுச் சின்ன அபார்ட்மென்ட்டுக்குப் போகிறார்கள். மச்சினன் அமெரிக்காவிலேயே வளர்ந்தவன். பள்ளிக்கூட நாட்களில் கையில் கிடைத்த காசெல்லாம் பேஸ்பால் கார்டுக்குத்தான் (ஆட்டக்காரர் படம் போட்ட சின்ன அட்டை) போயிருக்கிறது. திட்டினால், "இதை விற்றுத்தான் காலேஜ் ஃபீஸ் கட்டப் போகிறேன்" என்பானாம். மாமனார் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். அவன் இப்போது வேறு மாநிலத்தில் இருக்கிறான். "அத்தான், நீங்களே பார்த்து ஏதாவது செய்யுங்கள்" என்று போனிலேயே முடித்துவிட்டான்.

ஐந்து வரிசை உள்ள நீள வெள்ளைப் பெட்டிகள், ஒன்றில் 5,000 கார்டு பிடிக்கும். அப்படி ஏழெட்டு இருக்கின்றன. நிறைந்த பெட்டி ஒன்று 9 கிலோவுக்குக் குறையாது. எல்லாம் 1987 முதல் 1992 வரை வந்தவை. மரப்பலகை போல ஓரம் வைத்த டாப்ஸ், சிவப்பு ஓரம் போட்ட டான்ரஸ், கொஞ்சம் ஃபிளீர், கொஞ்சம் ஸ்கோர், எல்லாம் கார்டு பிராண்டுகள். பெயர் பெற்ற ஆட்டக்காரர்களை அவன் எப்போதோ ஆல்பத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டான். மீதி எல்லாமே காமன், அதாவது பெயர் பெறாத ஆட்டக்காரர்களின் சாதாரணக் கார்டு.

ஒரு பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு கார்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. பெட்டியின் பக்கத்தில் மச்சினன் மார்க்கரில் எழுதியிருந்த வருஷத்தைப் படித்தார், அவ்வளவுதான். "சும்மா கொடுப்பதாக இருந்தால் வைத்துவிட்டுப் போங்கள். ஆனால் அடுத்த பெட்டியைக் கொண்டுவராதீர்கள்" என்றார். கோபப்படவும் முடியவில்லை. அவருக்குப் பின்னால் சுவரோரமாக இதே பெட்டிகள் கூரை வரைக்கும் நின்றன.

இவற்றை மொத்தமாக விற்றுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? காசு கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்களாமே, அவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

வார இறுதி வியாபாரி:

கடைக்காரர் நியாயமாகத்தான் பேசியிருக்கிறார் சார். கார்டு ஷோக்களில் மேசை போட்டு விற்கிறவன் நான். என்னிடம் வந்திருந்தாலும் இதே பதில்தான்.

1980 வரை பேஸ்பால் கார்டில் டாப்ஸ் ஏறக்குறைய தனிக்காட்டு ராஜா. ஃபிளீர் போட்ட வழக்கில் அந்த வருஷம் தீர்ப்பு வர, 1981-இல் ஃபிளீரும் டான்ரஸும் உள்ளே வந்தன. 1988-இல் ஸ்கோர், 1989-இல் அப்பர் டெக். அதே சமயத்தில் ஐம்பதுகளின் கார்டுகள் விலை ஏறுவதை எல்லாரும் பேப்பரில் படித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் புதுக் கார்டை மூட்டை மூட்டையாக வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். பழையது ஏன் ஏறியது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. ஐம்பதுகளில் பையன்கள் கார்டைச் சைக்கிள் சக்கரத்தில் செருகினார்கள், அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். விற்காமல் தேங்கிய 1952 கார்டுகளை 1960-இல் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக டாப்ஸில் இருந்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அந்த 1952 வரிசையின் மிக்கி மேன்டில் கார்டு ஒன்றுதான் 2022-இல் 1.26 கோடி டாலருக்குப் போனது. 1989 கார்டை யார் கடலில் கொட்டினார்கள்? உங்கள் மச்சினன் மாதிரி எல்லாரும் அழகாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஜங்க் வாக்ஸ் (மெழுகுத்தாள் பாக்கெட்டில் வந்த குப்பை) காலம் என்று இங்கே எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

இப்போது விற்கிற கதைக்கு வருகிறேன். பிரிக்காத ஒரு 5,000 பெட்டி, நேரில் வந்து தூக்கிக்கொண்டு போகிறவருக்கு 20 டாலருக்கு விற்றால் நல்ல நாள். தபாலில் அனுப்பப் பார்த்தால் அந்தக் காசு தபாலுக்கே பத்தாது. நான் என்ன செய்கிறேன் என்றால், அணி அணியாகப் பிரிக்கிறேன். அந்த வருஷங்களில் மொத்தம் 26 அணி, ஆகவே சாப்பாட்டு மேசை முழுக்க 26 குவியல். 1987 டாப்ஸ் என்றால் சுலபம், இடது மேல் மூலையில் அணியின் சின்னம் இருக்கும், கண் தானாக ஓடும். மற்றவற்றில் சிலதைத் திருப்பிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். அப்புறம் 100 கார்டாக எண்ணி, பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, மேசையில் 3, 4 டாலர் என்று வைப்பேன். யாங்கீஸ், ரெட் சாக்ஸ், கப்ஸ் போய்விடும். சில அணிகளின் பெட்டி போன வருஷம் வைத்த இடத்திலேயே இருக்கும். அந்த 3 டாலரில் கார்டின் விலை ஒன்றுமே இல்லை சார். பிரித்த கைக்குத்தான் காசு. டிவி பார்த்துக்கொண்டே கை வேலை செய்வது எனக்குப் பிடிக்கும், அதனால் செய்கிறேன். மணிக் கணக்குப் போட்டால் யாரும் இந்த வேலைக்கு வரமாட்டார்கள்.

செட் கிறுக்கி:

வியாபாரி சார் சொல்வது 1980-க்குப் பிந்திய சரக்குக்குப் பொருந்தும். எல்லாக் காமனையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம்.

நான் 1972 டாப்ஸ் செட், அதாவது அந்த வருஷத்து எல்லா எண்ணும், சேர்க்கிறேன். மொத்தம் 787 கார்டு. அந்தக் காலத்தில் டாப்ஸ் ஒரு வருஷத்துக் கார்டை மொத்தமாக வெளியிடாது, தவணை தவணையாக விடும். வசந்தத்தில் முதல் தவணை. கடைசித் தவணை வரும்போது கோடை முடியப்போகும், பையன்கள் ஃபுட்பால் பக்கம் போயிருப்பார்கள், கடைக்காரர்களும் குறைவாகவே வாங்குவார்கள். அதனால் 657 முதல் உள்ள எண்கள் இன்றைக்கும் லேசில் கிடைப்பதில்லை. அதில் வருகிற ஆள் யாரென்றே யாருக்கும் தெரியாது, ஆனாலும் அந்தக் கார்டுக்குப் பல டாலர் கொடுக்க வேண்டியிருக்கும். 1974-இல்தான் 660 கார்டையும் ஒரே மூச்சில் விட ஆரம்பித்தார்கள்.

ஆகவே அறுபதுகள், எழுபதுகளின் முதல் பாதி என்று யாராவது பெட்டி வைத்திருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். மூலை மழுங்கியிருக்கலாம், ரப்பர் பேண்ட் இறுக்கிய தழும்பு இருக்கலாம், செக்லிஸ்டில் (எண்களைப் பட்டியலிடும் கார்டு) ஏதோ ஒரு பையன் பேனாவால் டிக் அடித்திருக்கலாம். எனக்கு அதெல்லாம் குறையே இல்லை. மிஞ்சுகிற இரட்டைகளை இன்னொரு செட் கிறுக்கரிடம் மாற்றிக்கொள்வேன். எங்கள் கூட்டத்தில் பாதிப் பரிமாற்றம் காசில்லாமலே நடக்கும்.

பரண்வாசி சார், பெட்டிகளின் அடியில் ஒரு தரம் கையை விட்டுப் பாருங்கள். பெரியப்பா மகன் கொடுத்தது, கராஜ் சேலில் வாங்கியது என்று பழைய கார்டு சிலது கலந்திருக்கும். பின்பக்கம் சாம்பல் நிற அட்டை, தடவினால் சொரசொரப்பாக இருக்கும், கைக்கே தெரிந்துவிடும்.

முன்னாள் வாங்குபவன்:

"யாரும் தேடிப் பார்க்காத பெட்டி" என்று விளம்பரம் போட்டு விற்கிறார்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. நான் இப்படிச் சில பெட்டி வாங்கியிருக்கிறேன். இப்போது எந்தப் பெட்டியையும் வாங்குமுன் ஒரு சோதனை வைப்பேன். 1987 டாப்ஸ் எண் வரிசையில் இருந்தால் 170, 320, 366 மூன்றும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். முறையே போ ஜாக்சன், பேரி பான்ட்ஸ், மார்க் மெக்வயர், தேடுகிறவர்கள் முதலில் உருவுகிற பெரிய பெயர்கள். 318, 319, அடுத்து 321 என்று ஓடினால், தேடாத பெட்டிக்கு பான்ட்ஸ் எங்கே போனார்? 1989 அப்பர் டெக் என்றால் இன்னும் சுலபம், எண் 1 கென் கிரிஃபி ஜூனியர். வரிசை 2-இல் தொடங்கினால் பேச்சே வேண்டாம். எண் வரிசை கலைந்த பெட்டியில் இது செல்லாது. அதனால்தானோ என்னவோ நிறையப் பேர் கலைத்தே விற்கிறார்கள்.

இத்தனைக்கும் அந்த மூன்று பேரின் 1987 கார்டும் சாதாரண நிலையில் சில டாலர்தான். அதற்கே இந்தப் பாடு.

தேடிப் பார்க்க நிஜமாகவே பொருளுள்ளது ஒன்று உண்டு: 1990 டாப்ஸ், எண் 414, ஃப்ராங்க் தாமஸ். அச்சுக் கோளாறில் சில கார்டுகளில் முன்பக்கம் பெயரே விழவில்லை. அது ஆயிரக்கணக்கில் போகும். பெயர் இருந்தால் வழக்கம்போலச் சில்லறை.

நிக்ஸ் ரசிகன்:

காமன் கார்டு ஒரே ராத்திரியில் காமனாக இல்லாமல் போனதை நான் கண்ணால் பார்த்தேன். 1990-91 ஹூப்ஸ் கூடைப்பந்து வரிசை, எண் 205, மார்க் ஜாக்சன். அந்த வரிசையின் கார்டுகளைக் கேட்பாரே கிடையாது. 2018-இல் யாரோ ஒருவர் கவனித்தார்: ஜாக்சனுக்குப் பின்னால் மைதான ஓர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் மெனன்டெஸ் சகோதரர்கள். பெற்றோரைக் கொன்றதற்கும் கைதானதற்கும் இடைப்பட்ட நாட்களில் ஆட்டம் பார்க்க வந்திருக்கிறார்கள். செய்தி பரவியதும் நாடு முழுக்க எல்லாரும் பழைய ஹூப்ஸ் பெட்டியைக் கிளற ஆரம்பித்தார்கள். நானும்தான். என் பெட்டியில் நாலைந்து இருந்தன, சூட்டோடு சூடாக விற்றேன். கொலை வழக்கை வைத்துக் காசு பார்க்கிறாயா என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

இப்படி ஒன்று நடக்கும் என்று நம்பி யாரும் பெட்டி வாங்கிவிடாதீர்கள். முப்பது வருஷத்துக்கு அருகில் எத்தனை பேர் அந்தக் கார்டைப் புரட்டியிருப்பார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

தபால் பிரியை:

நான் காமன்தான் தேடித் தேடி வாங்குவேன். கையெழுத்துக்காக. ஓய்வு பெற்ற ஆட்டக்காரருக்கு அவருடைய கார்டு இரண்டு, ஒரு சின்னக் கடிதம், என் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறை, மூன்றையும் வைத்து அனுப்பிவிடுவேன். பெரிய நட்சத்திரங்கள் பெரும்பாலும் பதில் போடுவதில்லை, போட்டாலும் கட்டணம் கேட்பார்கள். இரண்டு மூன்று வருஷம் ஆடிவிட்டு ஊர் திரும்பிய பிட்சர் (பந்து வீசுபவர்) இருக்கிறாரே, அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார். "என் பேரக்குழந்தைகளிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன்" என்று ஒருவர் பின்பக்கம் எழுதி அனுப்பியிருந்தார்.

இதற்கு 1987 டாப்ஸ் மாதிரிப் பூச்சில்லாத அட்டைதான் உத்தமம், மை நன்றாகப் பிடிக்கும். பளபளப்பான கார்டில் மை முத்து முத்தாகத் திரண்டுவிடும். அனுப்புவதற்கு முன் கொஞ்சம் பேபி பவுடர் தொட்டுத் துணியால் துடைத்தால் சரியாகும். ஐந்து சென்ட் கார்டு இது, கெட்டால் கெட்டுப் போகிறது. அந்தத் தைரியம் நல்ல கார்டில் வராது.

புது சரக்கு:

பழசு மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். 2020, 2021-இல் கார்டு மோகம் உச்சிக்குப் போனபோது வந்த பேஸ் கார்டுகளும் (வரிசையின் சாதாரணக் கார்டுகள்) அதே வழிதான். இணையத்தில் லைவாகப் புதுப் பெட்டியை உடைத்துக் காட்டி விற்கிறவர்கள் கையெழுத்துக் கார்டையும், குறைந்த அளவே அச்சிட்டு எண்ணிட்ட கார்டையும் வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவார்கள். பேஸ் கார்டு ஓரமாகக் குவியும். ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று கார் வரைக்கும் தூக்கி வந்து கொடுத்தார்.

பரண்வாசி:

எல்லாருக்கும் நன்றி. மகளும் நானுமாக உட்கார்ந்து பெட்டிகளைப் பார்த்துவிட்டோம். ஃப்ராங்க் தாமஸ் நிறையவே கிடைத்தார், எல்லாக் கார்டிலும் பெயரோடு. செட் கிறுக்கி சொன்ன மாதிரி அடியில் எழுபதுகளின் கார்டு ஒரு கட்டு இருந்தது, மச்சினனுக்கே நினைவில்லையாம். அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், பட்டியல் அனுப்புகிறேன் தோழி. ஒரு பெட்டி மகளின் பள்ளிக்கூடத்துக்கு. தபால் பிரியைக்கு வேண்டுமானால் 1987 முழுவதும் தரத் தயார்.

இரண்டு சந்தேகம் மட்டும். 1991, 92-இன் பளபளப்பான கார்டுகள் செங்கல் மாதிரி ஒட்டிக்கிடக்கின்றன, பிரிக்க வழி உண்டா? அப்புறம், புத்தகம் அனுப்புகிற மீடியா மெயில் மலிவாமே, அதில் கார்டு அனுப்பலாமா?

வார இறுதி வியாபாரி:

மீடியா மெயில் கூடாது சார். புத்தகம், இசைத்தட்டு மாதிரிப் பொருளுக்குத்தான் அது, விளையாட்டுக் கார்டு அதில் சேராது. தபால் அலுவலகத்தில் திறந்து பார்த்தால் மிச்சக் கட்டணத்தை வாங்குகிறவர் தலையில் கட்டிவிடுவார்கள். நேரில் கொடுக்க முடிந்தால் நேரிலேயே கொடுங்கள். ஒன்றிரண்டு கார்டு என்றால் ஈபேயில் கார்டுக்கென்றே மலிவான உறைத் தபால் இருக்கிறது, 20 டாலர் மதிப்பு வரை.

ஒட்டியதை இழுத்துப் பிரிக்காதீர்கள், ஒன்றின் முகம் இன்னொன்றின் முதுகோடு உரிந்து வரும். கட்டை இரண்டு கையிலும் பிடித்து முன்னும் பின்னும் லேசாக வளைத்துப் பாருங்கள். டக் டக்கென்று சத்தம் கேட்டு விட்டுக்கொடுத்தால் சரி. இல்லையென்றால் அந்தக் கட்டு பேஸ்மென்ட் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று அர்த்தம், அப்படியே தூக்கிப் போடுங்கள்.