ஜப்பான் கோடையில் குடும்பத்தோடு வாணவேடிக்கை: எங்கே போகலாம்?

வணக்கம் நண்பர்களே, ஜூலை கடைசியில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம், மாமியாரும் கூட வருகிறார், ஆகஸ்ட் முதல் வாரம் வரை இருப்போம். கோயில், கோட்டையெல்லாம் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், எங்களுக்கு வேண்டியது அந்த ஊர்க் கோடைதான்: ஆற்றங்கரை வாணவேடிக்கை, யுகாதா (கோடையில் உடுத்தும் மெல்லிய பருத்திக் கிமோனோ) கட்டிக்கொண்டு ஒரு நடை, பழச்சாறு ஊற்றிய ஐஸ் துருவல், திருவிழாக் கடைகளில் மெல்லிய காகிதம் ஒட்டிய வளையத்தால் தங்கமீன் அள்ளுவது (காகிதம் நனைந்து கிழிவதற்குள் அள்ள வேண்டும், சின்னவள் இப்போதே டீ வடிகட்டியை வைத்துப் பழகுகிறாள்).

டோக்கியோவில் சுமிதா ஆற்று வாணவேடிக்கை ஜூலை கடைசி சனிக்கிழமை. ஆனால் கூட்டம் நெரியும், மாமியாருக்கு முழங்கால் வலி, ரொம்ப நேரம் நிற்க மாட்டார். அதனால் ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் நாகவோகா நகரில் நடக்கும் வாணவேடிக்கைக்கே போகலாமா என்று யோசிக்கிறோம். அங்கே கட்டண இருக்கைகளை வெளிநாட்டிலிருந்து முன்பதிவு செய்தவர்கள் எப்படிச் செய்தீர்கள்? முடிந்ததும் அன்று ராத்திரியே ஷின்கான்சென் (புல்லட் ரயில்) பிடித்து டோக்கியோ திரும்ப முடிந்ததா?

அப்புறம், நாங்கள் சைவம். திருவிழாக் கடைகளில் மீன் சாறு சேராததாக என்ன கிடைக்கும்? போய் வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள், இந்த வாரமே டிக்கெட் போட வேண்டும்.