தற்காலிக வகுப்பறைக்கு இரும்புப் படியும் சாய்தளமும்: விபரம் தெரிந்தவர்கள் உதவுங்கோ

வணக்கம். வடமராட்சியில் கடலுக்குக் கிட்ட உள்ள எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு தற்காலிக வகுப்பறைகள் வருகின்றன. தரை 60 சென்ரிமீற்றர் உயரம். 1:12 சாய்வு (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) என்றால் சாய்தளம் மட்டும் 7.2 மீற்றர் நீளும். நேராகப் போட்டால் முற்றத்து வேப்பமரம் குறுக்கே வரும்; அதைத் தறிக்க மனமில்லை. நடுவில் சமதளமான தட்டு வைத்துச் சாய்தளத்தைத் திருப்பலாமா? சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை இப்போது தகப்பன்தான் தூக்கி ஏற்றுகிறார். அதுதான் அவசரம்.

பழைய படிக்குப் பெயின்ற் மட்டும்தான் அடித்திருந்தது. உப்புக் காற்றில் வெல்டிங் பிடித்த இடமெல்லாம் பொருக்காக உரிந்தது. மாரியில் தகடு வழுக்கி ஒரு சிறுமி விழுந்தாள். இம்முறை வெல்டிங் எல்லாம் முடித்து, முழுதாகக் கல்வனைஸ் (துருவைத் தடுக்கும் துத்தநாகப் பூச்சு) செய்து, இங்கே போல்ற் பூட்டினால் போதும் என்று கேட்கப் போகிறோம். வழுக்காத தளத்துக்கு ஓட்டைத் தகடா, கம்பி வலைத் தட்டா நல்லது? சின்னப் பிள்ளைகளுக்குக் கைபிடி எவ்வளவு உயரத்தில் வேண்டும்? யாழ்ப்பாணத்தில் செய்து கொடுப்பவர்களைத் தெரிந்தாலும் சொல்லுங்கோ.