‘சஃபிஷன்ட்’, ‘இனஃப்’, ‘அடிக்குவேட்’: விண்ணப்பத்தில் எந்தச் சொல்லை எழுதுவது?

கேள்வி: சங்கச் செயலாளர், ஒட்டுசுட்டான்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் குடிநீர்த் திட்டம் ஒன்றுக்காக வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் முன்மொழிவு தயாரித்து வருகிறது. சோளகக் காற்று தொடங்கி ஆடி, ஆவணி வரும்போது கிணறுகள் அடிமட்டத்துக்குப் போய்விடுவதால், பவுசர் வரும் நாளைப் பார்த்துக்கொண்டு குடும்பங்கள் காத்திருக்கின்றன. “தண்ணீர் காணாது” என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்வதை ஆங்கிலத்தில் எழுத முற்பட்டபோது, சங்க உறுப்பினர்கள் மூவர் மூன்று சொற்களைச் சொன்னார்கள். ஒருவர் ‘இனஃப்’ என்றார், மற்றவர் ‘சஃபிஷன்ட்’ என்றார், இன்னொருவர் ‘அடிக்குவேட்’தான் மரியாதையான சொல் என்றார். அகராதியைத் திறந்தால் மூன்றுக்கும் ‘போதுமான’ என்ற ஒரே பொருள்தான் இருக்கிறது. உண்மையிலேயே இவற்றுக்கிடையே வேறுபாடு உண்டா, அல்லது எதை எழுதினாலும் சரியா?

பதில்: வாசகர், நெடுங்கேணி

என்னைக் கேட்டால், பேச்சிலும் சாதாரண கடிதத்திலும் ‘இனஃப்’, அலுவலகக் கடிதத்தில் ‘சஃபிஷன்ட்’ என்று வைத்துக்கொள்ளலாம். பொருளில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், கிளிநொச்சி

செயலாளர் தம்பிக்கு வணக்கம். நெடுங்கேணி நண்பர் சொன்னது முதல் இரண்டு சொற்களுக்கும் பெருமளவு பொருந்தும். ‘அடிக்குவேட்’ என்பதற்குப் பொருந்தாது. உங்கள் விண்ணப்பத்தைப் பொறுத்தவரை அந்த மூன்றாவது சொல்தான் கவனிக்க வேண்டியது.

முதலில் இலக்கணத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘இனஃப்’ பழைய ஆங்கிலத்திலிருந்தே வருகின்ற வீட்டுச் சொல். ஜெர்மன் மொழியின் ‘கெனூக்’ அதற்கு உறவு. அது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும், ஆனால் பெயரடைக்குப் பின்னால்தான் வரும். ‘இனஃப் வோட்டர்’ சரி; கிணறு போதிய ஆழம் என்று சொல்ல ‘டீப் இனஃப்’ என்றுதான் எழுத வேண்டும், ‘இனஃப் டீப்’ என்பது பிழை. ‘சஃபிஷன்ட்’ இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும்; பெயரடையோடு சேர்க்க வேண்டுமென்றால் ‘சஃபிஷன்ட்லி டீப்’ என்று வடிவம் மாறும். இரண்டையும் சேர்த்து ‘சஃபிஷன்ட் இனஃப்’ என்று எழுதுவதைப் பலருடைய கடிதங்களில் காண்கிறேன். ஒரே பொருளை இரண்டு முறை சொல்வதால் எந்த அழுத்தமும் கூடுவதில்லை.

இன்னொன்று, நாங்கள் தமிழில் “தண்ணீர் காணாது” என்று நினைத்துக்கொண்டு ‘வோட்டர் இஸ் நொட் இனஃப்’ என்று எழுதிவிடுகிறோம். அது பிழையில்லாவிட்டாலும், ‘தெயார் இஸ் நொட் இனஃப் வோட்டர்’ என்பதே ஆங்கிலத்தில் இயல்பான வாக்கியம்.

இனிப் பொருளுக்கு வருகிறேன். ‘சஃபிஷன்ட்’ என்பது பெரும்பாலும் அளவைப் பற்றிய சொல். ‘அடிக்குவேட்’ என்பது, தேவைக்கு ஈடாக இருக்கிறதா என்று கேட்கும் சொல். அதனுடைய இலத்தீன் வேரில் ‘சமமாக்குதல்’ என்ற பொருள் இருக்கிறது. ஆகவே தரமும் பொருத்தமும் அதற்குள் அடங்கும். உணவு பற்றிய உரிமையை 1999-இல் விளக்கிய ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு அங்கே ‘அடிக்குவேட்’ என்ற சொல்லையே வைத்து, அளவோடு தரத்தையும் பண்பாட்டு ஏற்புடைமையையும் அதற்குள் சேர்த்தது. 2002-இல் அதே குழு தண்ணீருக்கான உரிமையை விளக்கியபோது ‘சஃபிஷன்ட்’ என்பதை முதலில் வைத்து, பாதுகாப்பானது, ஏற்கத்தக்கது, எட்டக்கூடியது, வாங்கக்கூடிய விலையுடையது என்பவற்றைத் தனித்தனியாக அடுக்கியது. அத்துடன், தண்ணீரின் ‘அடிக்குவசி’யைக் கன அளவை மட்டும் கொண்டு குறுகலாகப் பார்க்கக் கூடாது என்றும் எழுதியது. உதவி நிறுவனங்களில் உங்கள் முன்மொழிவை வாசிப்பவர்கள் இந்த மொழிக்குப் பழகியவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

வன்னிக்கு இந்த வேறுபாடு ஏட்டு வேறுபாடு அல்ல. கிணற்றில் ஆண்டு முழுவதும் தண்ணீர் நிற்கும் கிராமங்களிலும், கேத்திலின் அடியில் வெண்படிவு தட்டும் அளவுக்கு அது வன்னீராக இருப்பதுண்டு. சிறுநீரக நோய் காரணமாகக் கிணற்று நீரை அஞ்சும் குடும்பங்கள் வவுனியாப் பக்கத்தில் இருக்கின்றன. அப்படிப்பட்ட கிராமத்தைப் பற்றி ‘சஃபிஷன்ட் வோட்டர்’ இருக்கிறது என்று எழுதினால் அது உண்மை; ‘அடிக்குவேட்’ என்று எழுதினால் பொய்.

பொதுவாக எழுதும்போது ‘அடிக்குவேட்’ என்பதில் ஒரு வழுக்கலும் உண்டு. ஒருவருடைய வேலையை ‘அடிக்குவேட்’ என்று அறிக்கையில் எழுதினால், அது பாராட்டாகாது. ஏதோ ஒப்பேறியது என்ற அளவில்தான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். நாங்கள் “மட்டுமட்டாய்க் காணும்” என்று சொல்வதற்கு ஓரளவு அருகில் வரும். தாராளமாக இருக்கிறது என்பதற்கு ‘ஆம்பிள்’ என்ற தனிச் சொல் இருக்கிறது. உதவி கேட்கும் விண்ணப்பத்தில் தவறியும் அது நுழையக் கூடாது.

பதில்: கணித ஆசிரியர், மல்லாவி

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். உயர்தரக் கணிதத்தில் ‘சஃபிஷன்ட் கண்டிஷன்’ என்பதைப் போதுமான நிபந்தனை என்கிறோம். ஓர் எண் 4-ஆல் வகுபட, அது இரட்டை எண்ணாக இருத்தல் தேவையான நிபந்தனை, ஆனால் போதுமானது அல்ல. 8-ஆல் வகுபடுதல் போதுமானது, ஆனால் தேவையானது அல்ல. எதற்குப் போதும் என்று சொல்லாமல் அங்கே அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே முடியாது. தண்ணீருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அவசர நிலையில் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் என்பது மனிதாபிமான உதவிக்கான ஸ்பியர் தரநிலை; அன்றாட வாழ்வின் அடிப்படைத் தேவைகளுக்கு 50 முதல் 100 லீற்றர் வரை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தை மேற்கோள்காட்டி ஐக்கிய நாடுகள் சபை சொல்லும் அளவு. ஒரே குடம் தண்ணீர் ஒரு கணக்கில் காணும், மறு கணக்கில் காணாது.

கேள்வி கேட்டவர்: சங்கச் செயலாளர், ஒட்டுசுட்டான்

ஐயாவுக்கும் மல்லாவி ஆசிரியருக்கும் மிக்க நன்றி. எங்களிடம் இரண்டு குறைகளுமே இருக்கின்றன. வறட்சியில் அளவும் காணாது. மற்றக் காலங்களில் தண்ணீர் இருந்தாலும் சில கிணறுகளின் நீரைக் குடிக்க முடியாது. அப்படியானால் ‘இன்அடிக்குவேட்’ என்று ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிடலாமா?

பதில்: ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், கிளிநொச்சி

அடக்கலாம், ஆனால் அடக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு சொல்லுக்குள் இரண்டு குறைகளையும் போட்டால், வாசிப்பவர் தனக்கு எளிதான ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தாங்கி ஒன்றைத் தந்துவிட்டுப் போய்விடக்கூடும். இரண்டு வாக்கியங்களாகப் பிரியுங்கள். முதலாவதில் ‘இன்சஃபிஷன்ட்’ என்று எழுதி, எந்த மாதங்களில், எத்தனை பேருக்கு, எந்தத் தேவைக்கு என்பதைச் சேருங்கள். நூறு குடும்பங்கள், குடும்பத்துக்கு நான்கு பேர் என்று வைத்தால், 15 லீற்றர் கணக்கில் நாளொன்றுக்கு 6,000 லீற்றர் வேண்டும். பவுசர் கொண்டுவருவது எவ்வளவு என்பதை அதற்குப் பக்கத்தில் எழுதினால் சொல் தன் வேலையைச் செய்துவிடும். இரண்டாவதில் ‘நொட் சேஃப் ஃபோர் ட்ரிங்கிங்’ என்று நேராகவே எழுதி, நீர்ப் பரிசோதனை அறிக்கை இருந்தால் அதன் பிரதியை இணையுங்கள். ‘இன்அடிக்குவேட்’ என்பதைத் தலைப்பில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எழுதி முடித்ததும் இங்கே இடுங்கள், தம்பி. பார்த்துத் திருத்தித் தருகிறேன்.